பேஷண்டோட ஆளு யாரு?

முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழேதான் மரத்துப் போகும். கண் தெரியும், காது கேட்கும், வாய் பேசும். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், எனக்கு ஆபரேஷன் நடந்தபோது அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் இது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு வந்தது ஹெர்னியா. தமிழில் குடலிறக்கம். அடிவயிற்றுச் சதையில் பலம் குறைந்த இடத்தில் விரிசல் விழுந்து, உள்ளே இருக்க வேண்டியது வெளியே பிதுங்குவது. இடது தொடையிடுக்கில் வீக்கம். நின்றால் வரும், படுத்தால் போகும். நானும் அண்ணன் காதரும் திருவண்ணாமலையில் மெத்தைக் கடை வைத்திருக்கிறோம். செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் வாடகைக்கு விடும் அறைகளுக்கெல்லாம் மெத்தை, தலையணை எங்கள் கடையில்தான். பஞ்சு மூட்டை தூக்கித் தூக்கி வந்திருக்கும் என்றார் டாக்டர். கடைக்கு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். சின்ன ஆபரேஷன், வலை வைத்துத் தைத்துவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று தைரியம் சொன்னார்கள். நானும் நம்பிப் போய்ப் படுத்தேன்.

நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ வீட்டு மனை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தார். திடீரென்று பேச்சு நின்றது. "இது குடல் இல்லையே," என்றார். பிறகு, "மேடம் பக்கத்துத் தியேட்டர்ல இருந்தா ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க," என்றார்.

மேடம் பிரசவ டாக்டர். என் மகள் ஆயிஷா பிறந்ததே அவர் கையில்தான். அவர் வந்து துணிக்கு அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். "ஆமா சார், அதேதான்," என்றார். என்ன அதேதான்?

"டாக்டர், இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல பாய். நீங்க ரிலாக்ஸா இருங்க," என்றார் டாக்டர். அடுத்த வாக்கியமே, "சிஸ்டர், பேஷண்டோட ஆளு யாருன்னு பாத்து கூப்பிடுங்க."

சிஸ்டர் கதவைத் திறந்து குரல் கொடுத்தது எனக்குக் கேட்டது. என் மனைவி ரெஹானாவும் அண்ணனும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வந்தது அண்ணன். அப்படித்தான் வருவார்கள். எங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரியிலும் இந்தக் கேள்வி கேட்டால், கூட்டத்தில் மூத்த ஆண் யாரோ அவர்தான் எழுந்திருப்பார். பெண்டாட்டி பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கதவருகே டாக்டர் தாழ்ந்த குரலில் பேசினார். அண்ணன் "எடுத்துடுங்க டாக்டர்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. டாக்டர் ஏதோ மறுத்துச் சொன்னார். கதவு மூடியது.

என் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் கண் விழித்துப் படுத்திருக்கும்போதே, பத்தடி தள்ளி நின்று என்னைப் பற்றி முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அந்த எரிச்சல் இன்று வரைக்கும் எனக்குத் தீரவில்லை.

வார்டுக்கு வந்த பிறகாவது யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். அண்ணன் கையில் ஒரு கறுப்புப் பாலித்தீன் கவர். அதை லேபில் கொடுத்துவிட்டு வரும்படி சொல்லி அனுப்பினார்கள். உடம்பிலிருந்து எடுத்ததைச் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்துப் பரிசோதனைக்கு எடுத்துப் போகச் சொல்வது இங்கே வழக்கம். காய்கறி வாங்கி வந்தவர் போல அண்ணன் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

"அண்ணே, அது இன்னா கவரு?"

"ஒண்ணுமில்லடா. நீ தலைய தூக்காத, தலைவலி வரும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த விவசாயி ஒருவர், பித்தப்பைக் கல்லுக்காகப் படுத்திருந்தார். "துண்டு எடுத்து அனுப்பினா அது பயாப்சிங்க பாய். கட்டி கிட்டி இருந்தாதான் அனுப்புவாங்க," என்று விளக்கினார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் சொன்ன பிறகு எனக்குப் புற்றுநோய் என்பது உறுதியாகிவிட்டது. ஆயிஷாவுக்கு நாலு வயது. அவள் பள்ளிக்கூடம் போவதைப் பார்ப்பேனா என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். ஒரே சாயங்காலத்தில் எனக்கு நானே சமாதி வரைக்கும் கட்டி முடித்துவிட்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். என் கட்டைப் பிரித்துப் பார்க்க ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். டியூட்டி டாக்டர் வந்தார். அவர் கூட இன்னொரு சின்ன டாக்டர் வந்தார். பிறகு நர்ஸிங் படிக்கும் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பித்தப்பைக்காரரை யாரும் சீண்டவில்லை. அவருக்கே கோபம் வந்துவிட்டது. "பாயை மட்டும்தான் பாப்பீங்களா, எனக்கும் வலிக்குதும்மா," என்றார்.

சாயங்காலம் அம்மா வந்தாள். அப்பா போன பிறகு அம்மா அண்ணனோடு கடைத்தெரு வீட்டில் இருக்கிறாள். நானும் ரெஹானாவும் குழந்தையும் வேங்கிக்காலில் வாடகை வீட்டில். ஆஸ்பத்திரி நாட்களில் ஆயிஷாவை அம்மாவிடம் விட்டிருந்தோம். அம்மா ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். என் தலையைத் தடவி அழுதாள். ரெஹானாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாப்பாவ கூட்டிட்டு வரலையா?"

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு குழந்த?" என்று அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா போன பிறகு ரெஹானா தூக்கை மூடிக்கொண்டே சொன்னாள்: "மத்தியானம் கடைத்தெரு வீட்டுக்குப் போயிருந்தேங்க. உங்கம்மா பாப்பாவ மடியில போட்டுக்கிட்டு உத்து உத்து பாக்கறாங்க. காத பாக்கறாங்க. கால் வெரல பாக்கறாங்க."

"பேத்திய பாக்காம வேற இன்னா பாப்பாங்க?" என்றேன். எனக்கு அப்போது புற்றுநோயைத் தவிர வேறு எதற்கும் மூளையில் இடமில்லை.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டரைப் பிடித்துக் கேட்டுவிடலாம் என்றால், மறுநாள் பௌர்ணமி. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பௌர்ணமி வந்தால் எங்கள் ஊரில் மலையைச் சுற்ற வரும் கூட்டத்தில் ரோடே இருக்காது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். டாக்டர் வீடு மலைக்கு அந்தப் பக்கம். காலையில் வருவார் என்றார்கள், அப்புறம் மத்தியானம் என்றார்கள். "ரோட்ட திருப்பி விட்டுட்டாங்களாம் பாய், சார் நாளைக்குத்தான் வருவாரு," என்று சிஸ்டர் முடித்துவைத்தார். ஜன்னலில் மலை தெரிந்தது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அதன் மேல்கூட எனக்குக் கோபம்.

"சிஸ்டர், நீங்க தியேட்டர்ல இருந்தீங்க இல்ல. எனக்கு இன்னான்னு சொல்லுங்க."

"நான் சொல்லக் கூடாது பாய். உங்க அண்ணன்கிட்ட எல்லாம் சொல்லியாச்சே," என்றார். அன்று மட்டும் இந்தப் பதிலை நான் எத்தனை பேரிடம் கேட்டேனோ தெரியாது. ஆனால் அந்த சிஸ்டர் போகும்போது திரும்பி வந்து, குனிந்து, "கேன்சர் இல்ல. அத நெனச்சுப் பயப்படாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது வேலைக்கு ஆபத்து. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

அதற்கடுத்த நாள் காலையில் டாக்டர் வந்தார். தையலைப் பார்த்தார், "நல்லா இருக்கு, நாளைக்கு வீட்டுக்குப் போலாம்," என்று நகரப் பார்த்தார். நான் அவர் கோட்டு நுனியைப் பிடித்துவிட்டேன். மரியாதையில்லைதான். வேறு வழியும் இல்லை.

"டாக்டர், எனக்கு உள்ள இன்னா இருந்துச்சு?"

அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "அண்ணன் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்று சொல்ல வேண்டும், உட்கார்ந்த பிறகு நன்றாகவே விளக்கினார்.

"உங்களுக்கு வலது பக்கம் விதை இறங்கல, இல்லையா?"

ஆமாம். அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான். எனக்குச் சுன்னத் செய்ய வந்த பெரியவர் அப்போதே பார்த்துவிட்டு, ஒரு பக்கம் காலியாக இருக்கிறது, வளர வளர இறங்கிவிடும் என்று அம்மாவிடம் சொன்னாராம். இறங்கவில்லை. வெளியே சொன்னால் பெண் கிடைக்காது என்று அதை அத்தோடு மூடிவைத்தார்கள். எந்த டாக்டரிடமும் காட்டவில்லை.

"அது இறங்காம இல்ல. ரெண்டுமே இடது பக்கம் வந்துடுச்சு," என்றார் டாக்டர். "அந்த ரெண்டுத்துக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு. சின்ன கர்ப்பப்பை."

பித்தப்பைக்காரர் படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே இறக்கினார்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தாயின் வயிற்றில் ஆரம்பத்தில் எல்லாக் குழந்தைக்கும் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்குமாம். ஆணுக்கு உரியது ஒன்று, பெண்ணுக்கு உரியது ஒன்று. ஆண்பிள்ளையாக இருந்தால் அந்தப் பிள்ளையின் விதையிலிருந்தே ஒரு ஹார்மோன் சுரந்து பெண் குழாயைக் கரைத்துவிடும். சிலருக்கு அது சுரக்காது, அல்லது சுரந்தும் உடம்பு அதற்குச் செவி கொடுக்காது. அப்போது கரைய வேண்டியது கரையாமல் சின்னக் கர்ப்பப்பையாக நின்றுவிடும். வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. மீசை வரும், குரல் உடையும், எல்லாம் சரியாக இருக்கும். பெரும்பாலும் இப்படி ஹெர்னியாவுக்கோ வேறு எதற்கோ திறக்கும்போதுதான் கண்டுபிடிப்பார்கள். மிக அபூர்வம். அவரே புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாராம். அதனால்தான் அந்தப் பார்வையாளர் கூட்டம்.

"அப்ப நான் ஆம்பளையா இல்லையா டாக்டர்?"

"முழு ஆம்பளை. மிச்சமா ஒரு உறுப்பு தங்கிப்போச்சு, அவ்ளோதான். ரத்தம் சென்னைக்கு அனுப்பி குரோமோசோம் பாக்கறோம், அதுவும் ஆம்பளைன்னுதான் வரும்." பிறகு வந்தது, அப்படியேதான் இருந்தது.

கர்ப்பப்பையை அவர் எடுக்கவில்லை. உள்ளே தள்ளி, ஓட்டையை அடைத்து, சின்னத் துண்டு மட்டும் சோதனைக்கு அனுப்பியிருந்தார். "உங்க அண்ணன் எடுத்துடுங்க, யாருக்கும் தெரிய வேணாம்னு கைய புடிச்சிக்கிட்டாரு. விந்து வர்ற குழாய் அந்தக் கர்ப்பப்பையோட சுவத்துல ஒட்டிக்கிட்டுப் போவுது. அவசரப்பட்டு எடுத்தா குழாய் அறுந்துடும். அப்புறம் குழந்தைக்கு வழியே இருக்காது. அத உங்கள கேக்காம செய்ய முடியாதுன்னுட்டேன்."

"என்னைக் கேக்கறதுக்கு நான் முழிச்சிட்டுதான டாக்டர் இருந்தேன்?"

"பேஷண்ட் பயந்துடுவாங்கன்னு ஆளுங்ககிட்ட சொல்றது வழக்கம்," என்றார். பிறகு, "சொல்லியிருக்கணும்," என்றும் சொன்னார். அவ்வளவாவது சொன்னார்.

அண்ணன் டிபன் வாங்கிக்கொண்டு வந்தபோது நான் தயாராக இருந்தேன். இட்லிப் பொட்டலத்தை அவர் பிரிக்கும் முன்பே கேட்டேன். அவர் கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சலீமு, டாக்டரு கர்ப்பப்பைன்னு சொன்னாருடா. அதுக்கப்புறம் அவரு பேசினது எதுவும் என் காதுல ஏறல."

"ஏறாதத அம்மாகிட்ட எப்படி சொன்னீங்க?"

"அந்த ஒண்ணத்தான் சொன்னேன்." கையைப் பிசைந்தார். "அம்மா கேட்டாங்க, அப்படின்னா அவனுக்கு எப்படி குழந்த பொறந்துச்சுன்னு. எனக்கு பதில் தெரியல."

காது, கால் விரல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் மகள் யாருடைய ஜாடை என்று என் அம்மா மடியில் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதில் கால்வாசியை மட்டும் ஒருவர் கேட்டு வர, அதை வைத்துக்கொண்டு ஒரு வீடே என் மனைவியை விசாரித்து முடித்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். தையல் இழுத்தது. வலியில் கத்துகிறேன் என்று நினைத்து சிஸ்டர் ஓடி வந்தார்.

ரெஹானா மாத்திரை வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"பௌர்ணமி அன்னிக்கே தெரியும்," என்றாள். "அன்னிக்கும் சூப்பு கொண்டாந்தாங்க இல்ல, கீழ படிக்கட்டுகிட்ட உங்கம்மா என்னை நிறுத்திக் கேட்டாங்க. குர்ஆன் மேல கை வெச்சு சொல்லுன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. சூப்பு ஆறிப்போயிருந்துச்சு. கேன்டீன்ல சூடு பண்ணிட்டு மேல வந்தேன்."

அந்தச் சூப்பை நான் உப்புக் கம்மி என்று குறை சொல்லிக்கொண்டே குடித்தேன். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"தையல் பிரிஞ்சிடும்னுதான்," என்றாள். அப்போதுதான் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இவளும் என்னிடம் மறைத்திருக்கிறாள் என்று கோபமும் வந்தது. பித்தப்பைக்காரர் மெதுவாக எழுந்து, தன் சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, எங்களுக்கு இடம் விட்டு வராந்தாவுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஆயிஷாவைக் கூட்டிக்கொண்டு வேங்கிக்காலிலேயே இருந்துவிட்டோம். புண் ஆறியதும் விந்துப் பரிசோதனை செய்யச் சொன்னார் டாக்டர். கர்ப்பப்பையை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய அது வேண்டுமாம். தாழ்ப்பாள் இல்லாத லேப் கழிப்பறையில் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு அந்தப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். கொஞ்சம் கம்மிதான், ஆனால் உயிரோடு இருக்கிறது என்று முடிவு வந்தது. லேபுக்குப் போன துண்டிலும் கெடுதல் எதுவும் இல்லை.

அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "குடுடா, அம்மாகிட்ட காட்டறேன். எல்லாம் முடிஞ்சிடும்," என்று கை நீட்டினார்.

ரெஹானா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டாள். "வேணாம் மச்சான். இதைக் காட்டினா, பேப்பர் சொல்லித்தான் நான் ஒழுங்கானவன்னு ஆவும். இதுல ஒண்ணுமே இல்லன்னு வந்திருந்தா? அப்ப நான் யாரு?"

அண்ணன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

நானே அம்மாவிடம் போனேன். தாளை எடுத்துப் போகவில்லை. டாக்டர் எனக்குச் சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை, குழாய், ஹார்மோன், எல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். சுன்னத் செய்ய வந்தவர் சொன்னபோதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரெஹானாவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது அம்மா வாயிலிருந்து தானாக வர வேண்டும் என்று இருந்தேன். வரவில்லை. பெருநாள் வந்தது, போனது. ரெஹானா கடைத்தெரு வீட்டுக்கு வந்தாள், பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கினாள், அம்மா கொடுத்த டீயை மட்டும் குடிக்கவில்லை. டீ ஆடை படிந்து சமையல்கட்டு மேடையிலேயே கிடந்தது.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். இதில் கெடுதல் வர வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதனால் வருஷா வருஷம் ஸ்கேன் பார்க்க வேண்டும். இது நானே என் வாயால் சொன்ன முடிவு. எங்களுக்கு இன்னொரு குழந்தை வேண்டும்.

முதல் ஸ்கேனுக்குப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். அண்ணனும் வந்தார். யாரும் கூப்பிடாமலேயே அம்மாவும் வந்தாள். ஸ்கேன் அறைக்கு வெளியே வரிசையாகக் கர்ப்பிணிகள். எல்லோரும் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் நானும். சீட்டைப் பார்த்த பெண் நேராக ரெஹானாவிடம் வந்து, "வாங்கம்மா, யூரின் முட்டுதா?" என்றாள். "பேஷண்ட் அவருங்க," என்று ரெஹானா என்னைக் காட்டினாள். அந்தப் பெண் சீட்டை மறுபடி படித்தாள், என் மீசையைப் பார்த்தாள். இந்த முறை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே ஜெல்லைத் தடவி, அழுத்தி, படம் பார்த்து முடித்தார்கள். துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். ஸ்கேன் டாக்டர் திரையைப் பார்த்தபடியே, என்னிடம் ஒன்றும் சொல்லாமல், "பேஷண்டோட ஆள கூப்பிடும்மா," என்றார்.

கதவு திறந்தது. வெளியே நடப்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. "சலீம் பேஷண்டோட ஆளு யாரு?" என்றதுமே அண்ணன் வழக்கப்படி எழுந்துவிட்டார். அம்மா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு காதரு. அவ போவட்டும்."

அண்ணன் உட்கார்ந்தார். ரெஹானா ஒரு நொடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த ஆயிஷாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். ரெஹானா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவரு முழிச்சிட்டுதான் இருக்காரு டாக்டர். அவர்கிட்டயே சொல்லுங்க."